கீழ்ப்பிரிவுக் கோப்பு

2011ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 515 ரூபாய் என்று முடிவானது. அது ஒரே தொகை அல்ல. அடிப்படைச் சம்பளம் 380, வரவுக் கொடுப்பனவு 105, விலைப்பங்குக் கொடுப்பனவு 30. நடுவில் நிற்கும் அந்த 105தான் வில்லங்கம் பிடித்தது. மாதத்தில் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் வந்திருந்தால்தான் அது கிடைக்கும். ஒரு நாள் வேலைக்கு வந்ததாகப் பதிவானால் அது ஒரு பேர். 25 நாள் வேலை இருந்த மாதத்தில் 19 பேர் போட்ட ஒரு பெண்ணுக்கு 9,785 ரூபாய் வரும். ஒரே ஒரு பேர் விடுபட்டு 18 ஆகிவிட்டால், 105 மாதம் முழுவதற்கும் இல்லாமல் போய், கைக்கு 7,380தான். சேமலாப நிதிக் கழிவெல்லாம் தனி. ஒரு பேரின் விலை 2,405 ரூபாய்.

இந்தக் கணக்கைப் போட்டவர் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு லயத்துப் பிள்ளை. லிந்துலைக்கு மேலே, நுவரெலியாப் பாதையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தோட்டத்துக் கந்தோரில் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டைப் பார்க்கும் கிளாக்கருக்கு உதவியாளாக இருந்தார். உயர்தரம் முடித்திருந்தார், கணினி பழகியிருந்தார், அவ்வளவுதான் தகுதி. இப்போது கொழும்பில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கோப்புகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் பேச்சு இன்றும் அந்தக் கந்தோருக்குத்தான் போகும்.

கணினி பழகியதற்கு ஒரு முன்கதை உண்டு. உபுண்டு லினக்ஸை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், கேட்டவர்களுக்கெல்லாம் உலகம் முழுவதும் இலவசமாகச் சீடி அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 2011இல் அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்துவதற்கு முன்பே இவர் கேட்டு எழுதிவிட்டார். லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்தின் பேருக்கு வந்து, கந்தோரில் பிரித்துத்தான் ஆளுக்குப் போய்ச் சேரும். சீடி வந்த உறை சில நாள் கந்தோர் மேசையில் கிடந்தது. வெளி ஜன்னல் வழியாக அவர் அதைப் பார்த்துக்கொண்டே போய் வந்தார். பிறகு ஒரு நாள் பெரிய கிளாக்கர் கூப்பிட்டு, "தம்பி, இது என்ன பாட்டு சீடியா?" என்று கேட்டுவிட்டுக் கையில் கொடுத்தார். அந்தச் சீடிதான் பின்னால் கந்தோரின் ஒரு பழைய கணினிக்குள் ஏறியது.

தோட்டத்தில் மூன்று பிரிவு. மாலையில் மடுவத்தில் கொழுந்து நிறுப்பார்கள். தராசு காட்டிய கிலோவும் ஆளின் இலக்கமும் பிரிவுக் கணினியில் ஏறும். அங்கிருந்து பென் டிரைவில் கோப்பாகக் கந்தோருக்கு வரும். கொண்டு வருபவர் கணக்கப்பிள்ளை, சில நாள் அவர் மகன். கந்தோர்க் கணினியில் ஒரு சிறு நிரல் மூன்று கோப்பையும் சேர்த்து அன்றைய செக்ரோலைத் தயாரிக்கும். பெர்ல் மொழியில் எழுதியது. முன்பு அங்கே வந்து போன யாரோ ஒரு பொறியியலாளர் எழுதி வைத்துவிட்டுப் போனது. அது ஒவ்வொரு கோப்பைப் பார்த்தும் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: இருக்கிறதா? இருந்தால் வாசிக்கும், இல்லையென்றால் சத்தம் போடும்.

ஒரு காலையில் பெரிய கிளாக்கர் செக்ரோல் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, நேத்து கீழ்ப்பிரிவுல ஆளே எறங்கலையா?"

"எறங்கினாங்க ஐயா. எங்கம்மாவே போனாங்க."

கீழ்ப்பிரிவின் கோப்பு இடத்தில்தான் இருந்தது. பெயர் சரி, திகதி சரி. உள்ளே ஒரு பைட் கூட இல்லை. பிரிவுக் கணினியில் எழுதி முடியுமுன் யாரோ பென் டிரைவை உருவியிருக்கிறார்கள். கோப்பின் பெயர் முதலில் பதிவாகும்; உள்ளே போகவேண்டியது கணினியின் நினைவகத்தில் காத்திருந்து பிறகுதான் இறங்கும். அந்த இடைவெளியில் உருவினால் பெயர் மட்டும் மிஞ்சும். நிரல் கேட்ட கேள்விக்கு "இருக்கிறது" என்பதே சரியான பதில். திறந்தது, வாசிக்க ஒரு வரியும் இல்லை, மூடியது, பிரிவு முழுவதுக்கும் பேர் இல்லை என்று எழுதியது. கங்காணியின் கைக்கொப்பி இருந்ததால் சம்பள நாளுக்கு முன்பே பேரெல்லாம் திரும்பி வந்தது. கொப்பி இல்லாதிருந்தால் உதவியாளின் அம்மா அந்த மாதம் எந்தப் பக்கம் விழுந்திருப்பார் என்பதைப் பார்க்கத்தான் அந்த 2,405 கணக்கு.

பெர்லில் கோப்பைக் கேள்வி கேட்கும் வழிகள் ஒரு கொத்தாக உண்டு. ஒரு கழித்தல் குறியும் ஒரு எழுத்தும் சேர்ந்தால் ஒரு கேள்வி. மைனஸ் ஈ என்றால் இருக்கிறதா. மைனஸ் எஃப் என்றால் சாதாரணக் கோப்பா, மைனஸ் டி என்றால் ஃபோல்டரா, மைனஸ் ஆர் வாசிக்கலாமா, மைனஸ் டபிள்யூ எழுதலாமா, மைனஸ் எக்ஸ் ஓட்டலாமா. மைனஸ் எஸ் கேட்டால் ஆம், இல்லை என்பதோடு நிற்காமல் எத்தனை பைட் என்ற எண்ணே வரும். இவை பெர்லின் சொந்தச் சரக்கு அல்ல. 1979இல் வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பின் டெஸ்ட் கட்டளையிலேயே இவற்றில் பல இருந்தன. 1987 டிசம்பரில் பெர்லை வெளியிட்ட லாரி வால், ஷெல்லில் புழங்கிய கைகளுக்குப் பழகிய குறிகளையே எடுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் அவர் தெரிந்துகொண்டது ஹட்டனில். கந்தோர்க் கணினியில் பெர்ல் இருந்தது, அதன் கையேடு இல்லை. உபுண்டுவில் அது தனிப் பொதி. கேட்டால் "முதலில் நிறுவு" என்று மட்டும் சொல்லும். நிறுவ இணைப்பு வேண்டும், கந்தோரில் அந்தக் காலத்தில் அது கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலை, கொட்டகலை வழியாக பஸ் ஏறி, ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் உட்கார்ந்து, கோப்புச் சோதனைகள் பற்றிய பக்கத்தை மட்டும் அச்செடுத்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. அதனால் அடிக்குறிப்பு வரை விடாமல் வாசித்தார் என்கிறார். இன்று தேடினால் நொடியில் கிடைப்பதை யார் அப்படி வாசிக்கிறார்கள்?

அந்த வாசிப்பில் கண்ணில் பட்ட ஒன்று: இந்தக் கேள்விகளுக்குப் பதில் இரண்டு அல்ல, மூன்று. வாசிக்கலாமா என்று கேட்டால், வாசிக்கலாம் என்பதற்கு 1 வரும். கோப்பு இருக்கிறது, ஆனால் உனக்கு அனுமதி இல்லை என்றால் வெற்றுச் சரம் வரும். கோப்பே இல்லையென்றால் வரையறுக்கப்படாத ஒரு மதிப்பு வரும். பதிலே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பின்னிரண்டையும் நிரல் "பொய்" என்றே எடுத்துக்கொள்ளும். பிரித்துப் பார்க்க விரும்புபவர் கூடுதலாக ஒரு கேள்வி கேட்கவேண்டும். கந்தோரில் இந்த வித்தியாசம் பெரிது. கோப்பு வரவில்லையென்றால் கணக்கப்பிள்ளைக்கு ஆள் அனுப்பவேண்டும். வந்து வாசிக்க முடியவில்லையென்றால் ஆள் அனுப்பி ஒரு பயனும் இல்லை, கோளாறு கந்தோருக்குள்ளேயே இருக்கிறது.

அந்தக் கோளாறும் வந்தது. ஒரு நாள் பெரிய கிளாக்கரே தன் பெயரில் உள்நுழைந்து பென் டிரைவிலிருந்து கோப்பை ஃபோல்டருக்குப் பிரதி எடுத்துவிட்டார். அவர் கணக்கில் புதிய கோப்புகள் 600 என்ற அனுமதியோடு பிறக்கும்படி அமைத்திருந்தது. செக்ரோல் நிரலோ இரவில் வேறொரு பயனரின் பெயரில் தானாக ஓடுவது. மைனஸ் ஈ இருக்கிறது என்றது; திறக்கப் போனால் கதவு பூட்டு.

600, 644, 755 என்ற எண்களின் உள்கட்டு எளிமையானது. வாசிக்க 4, எழுத 2, ஓட்ட 1. மூன்று இலக்கத்தில் முதலாவது உரிமையாளருக்கு, இரண்டாவது குழுவுக்கு, மூன்றாவது மற்ற எல்லாருக்கும். துரை, கந்தோர் ஆட்கள், லயத்து ஆட்கள் என்று மூன்று அடுக்கைப் பிறந்ததிலிருந்து பார்த்தவருக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. விளக்கம் தேவைப்பட்டது ஒரு விதிவிலக்குக்குத்தான். யுனிக்ஸ் மேலிருந்து கீழே பார்க்கும், முதலில் பொருந்தும் அடுக்கோடு நின்றுவிடும். கோப்பின் அனுமதி 044 என்றிருந்தால் குழுவும் ஊராரும் வாசிக்கலாம், உரிமையாளர் மட்டும் வாசிக்க முடியாது. துரைக்குப் பூட்டி லயத்துக்குத் திறந்த பங்களா! உரிமையாளர் நினைத்தால் அனுமதியை மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மை, ஆனால் மாற்றும் வரை அவர் வெளியேதான். கந்தோர் உதவியாள் இதை நம்பாமல் அன்றிரவே ஒரு கோப்பை அப்படி வைத்துச் சோதித்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

ரூட் பயனருக்கு இந்த அடுக்குகள் எதுவும் இல்லை. ரூட்டாக இருந்து கேட்டால் வாசிக்கலாமா, எழுதலாமா இரண்டுக்கும் எப்போதும் ஆம்தான். ஓட்டலாமா என்பதற்கு மட்டும், யாராவது ஒருவருக்காவது ஓட்டும் அனுமதி கோப்பில் இருக்கவேண்டும். நிரலை ரூட்டாக இருந்து சோதித்துவிட்டு "எல்லாம் சரி" என்று எழுந்து போகிறவர்களைக் கொழும்பில் இன்றும் பார்க்கிறார். இரவு மற்றப் பயனரின் பெயரில் அது ஓடும்போதுதான் விஷயம் வெளிவரும். அவசரத்துக்கு 777 என்று எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்துவிடுவது அடுத்த வியாதி. பிஎச்பி மென்பொருட்களை நிறுவும்போது "இந்த ஃபோல்டரில் எழுத முடியவில்லை" என்ற வரியைப் பார்த்தவுடன் கை தானாக அங்கே போகும். இலங்கையில் பிறந்த பெயர்பெற்ற மென்பொருள் ஒன்று பிஎச்பியில் எழுதப்பட்டதுதான்: 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு காணாமற்போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்யத் தன்னார்வலர்கள் சில வாரங்களில் கட்டிய சஹானா. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை அதற்குக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கியது. அப்படிப்பட்ட தரவு இருக்கும் சர்வரில் 777 போடுவது எவ்வளவு அபாயம் என்று புதிதாக வருபவர்களுக்கு அவர் சொல்வதுண்டு. பிஎச்பி பற்றி இன்னொன்றும் சொல்வார்: கோப்பைப் பற்றி ஒரு முறை கிடைத்த தகவலை அது நினைவில் வைத்துக்கொண்டு, அதே ஓட்டத்தில் மறுபடி கேட்டால் பழைய பதிலையே தரும். புதுப் பதில் வேண்டுமென்றால் நினைவை அழி என்று தனியாகச் சொல்லவேண்டும்.

திரும்பவும் பென் டிரைவுக்கு வரலாம், வேடிக்கை அங்கேதான் அதிகம். பென் டிரைவில் இருந்தது ஃபாட் என்ற பழைய கோப்பு முறைமை. அதில் உரிமையாளர், குழு என்ற பதிவே கிடையாது. லினக்ஸ் அதை இணைக்கும்போது எல்லாக் கோப்புக்கும் ஒரே மாதிரியான அனுமதியைத் தானே கற்பித்துக் காட்டும். கொழுந்து நிறுவைக் கோப்பைப் பார்த்து ஓட்டலாமா என்று கேட்டால்கூட ஆம் என்று வரும். அங்கே எல்லாரும் துரை. அதைவிட மோசம், முறைமையில் பழுது தென்பட்டால் லினக்ஸ் அந்த டிரைவை எழுத முடியாத நிலைக்கு மாற்றிவிடும். அப்போதும் பெர்லின் மைனஸ் டபிள்யூ எழுதலாம் என்றே சொல்லும். காரணம், அது வழக்கமாகப் பார்ப்பது அனுமதி பிட்டுகளை மட்டும். டிரைவின் நிலையைப் பார்ப்பதில்லை. ஷெல்லில் அதே கேள்வியைக் கேட்டால் அது கேர்னலிடமே விசாரித்து, முடியாது என்று சரியாகச் சொல்லும். பெயரும் குறியும் ஒன்று, பதில் வேறு. அவருடைய அச்சுத்தாளில் இந்த இடம் பேனாவால் இரண்டு முறை கோடிட்டுக் கிடந்ததாம்.

நேரமும் தன் பங்குக்கு விளையாடியது. நேற்றைய கோப்பு அழிபடாமல் கிடந்தால் அதையே இன்றைக்கும் எண்ணிவிடக்கூடாதே என்று, மைனஸ் எம் என்ற கேள்வியைச் சேர்த்தார். கோப்பு கடைசியாக மாறி எத்தனை நாள் ஆயிற்று என்று அது சொல்லும்; நிரல் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்து பின்னோக்கி, தசமத்தோடு. அரை நாளுக்குக் குறைவு என்றால் இன்றையது. ஒரு மாலை அது மைனஸ் 0.0138 என்று அச்சடித்தது. இன்னும் பிறக்காத கோப்பு! கணக்குப் போட்டுப் பார்த்தால் இருபது நிமிடம் எதிர்காலத்தில் இருந்தது. இலங்கையின் நேரம் 1996இல் இரண்டு தடவை மாறி, கிரீன்விச்சுக்கு ஆறு மணி முந்தியதாக நின்று, 2006 ஏப்ரல் 15ஆம் திகதி மறுபடி ஐந்தரை மணிக்கு வந்தது. கீழ்ப்பிரிவுக் கணினியில் அந்த அரை மணியை யாரும் பின்னால் திருப்பவே இல்லை. எழுதிப் பத்து நிமிடத்துக்குள் கந்தோருக்கு வந்துவிட்ட கோப்பு, கந்தோர்க் கடிகாரத்துக்கு இருபது நிமிடம் முந்தி நின்றது.

கேட்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பற்றிப் பல்கலைக்கழகங்கள் ஆராய்ந்திருக்கின்றன என்பது அவருக்குப் பின்னால்தான் தெரிந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் வளாகத்தில் மாட் பிஷப்பும் மைக்கல் டில்ஜரும் 1996இல் வெளியிட்ட கட்டுரை இதைப் பற்றியதே. உயர்ந்த அதிகாரத்தோடு ஓடும் ஒரு நிரல், இந்தக் கோப்பில் எழுத இவருக்கு அனுமதி உண்டா என்று சோதிக்கிறது. உண்டு என்று பதில் வருகிறது. அடுத்த வரியில் திறப்பதற்குள் யாரோ அந்தப் பெயரை வேறொரு கோப்புக்கு இணைப்பாக மாற்றிவிடுகிறார்கள். நிரல் நம்பிக்கையோடு போய்க் கடவுச்சொற் கோப்பில் எழுதுகிறது. கந்தோரில் அப்படிச் சதி செய்ய ஆள் யாருமில்லை. ஆனால் மேல்பிரிவுக் கோப்பு பாதி பிரதியாகிக்கொண்டிருக்கும்போதே நிரல் வந்து, இருக்கிறது, வாசிக்கலாம், அளவும் சுழியம் இல்லை என்று மூன்று பதிலும் சரியாகப் பெற்று, பாதி ஆட்களுக்கு மட்டும் பேர் போட்டதுண்டு.

இதற்கு அவர் செய்த மாற்றம் இரண்டு. வரும் கோப்பு முதலில் ஒரு தற்காலிகப் பெயரில் இறங்கும். முழுவதும் இறங்கியபின் அதே ஃபோல்டருக்குள் உரிய பெயருக்கு மாறும். பெயர் மாற்றம் ஒரே மூச்சில் நடப்பது, நடுவில் பாதிநிலை என்று ஒன்று இல்லை. நிரலும் முதலில் கேட்டுவிட்டுத் திறப்பதை விட்டு, முதலில் திறந்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தது. பெர்லில் இந்தக் கேள்விகளைப் பெயரிடம் மட்டுமல்ல, திறந்த கோப்பின் கைப்பிடியிடமும் கேட்கலாம். கைப்பிடி கிடைத்துவிட்டால் பெயரை யார் மாற்றினாலும் பதில் கையில் உள்ள கோப்பைப் பற்றியதாகவே இருக்கும். திறக்க முடியவில்லையென்றால் கணினி சொல்லும் காரணத்தை அப்படியே அச்சிட வைத்தார்: அப்படிக் கோப்பு இல்லை, அல்லது அனுமதி மறுப்பு. இந்த இரண்டாவது காரணத்தில் ஒரு நுணுக்கம். ஃபோல்டருக்குள் நுழையவே அனுமதி இல்லையென்றால் கோப்பு உள்ளே பத்திரமாக இருந்தாலும் மைனஸ் ஈ இல்லை என்றுதான் சொல்லும். காரணத்தைப் பார்த்தால்தான் அது எந்த "இல்லை" என்று தெரியும்.

2013 ஒப்பந்தத்தில் சம்பளம் 450, 140, 30 என்று 620 ஆனபோது நிரலில் மூன்று எண் மட்டும் மாறியது. ஒரு பேரின் விலை, அதே 19க்கும் 18க்கும், 3,140 ரூபாய்க்கு ஏறியது.

கடைசித் தலைவலி பெயர்ப்பட்டியலில் வந்தது. ஆளின் இலக்கத்துக்கு எதிரே தமிழில் பெயர் வரவேண்டும் என்று கந்தோரில் ஆசைப்பட்டார்கள். பட்டியல்கள் பல கைகளிலிருந்து பல வடிவத்தில் வந்து சேர்ந்தன. வேர்ட் கோப்பும் படமும் கலந்து வந்ததால், எழுத்துக்கோப்பை மட்டும் பிரித்தெடுக்கப் பெரிய எழுத்து டீ போட்ட கேள்வியைப் பயன்படுத்தினார். அது கோப்பின் தொடக்கப் பகுதியை எட்டிப் பார்த்து ஊகிக்கும். சரியான யூடிஎஃப்-8 ஆக இருந்தால் எழுத்து. இல்லையென்றால் விசித்திரமான பைட்டுகளை எண்ணும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் எழுத்தல்ல. சுழியப் பைட் ஒன்று கண்ணில் பட்டாலே எழுத்தல்ல.

பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் உடனே தேர்ச்சி பெற்றது. பாமினியில் தமிழாகத் தெரிவதெல்லாம் உள்ளே பெரும்பாலும் ஆங்கில விசைகளின் எண்கள்தான், பெர்லுக்கு அது நல்ல எழுத்து. டிஸ்கியில் இருந்த பட்டியல் தள்ளுபடி. தமிழ் எழுத்தெல்லாம் அதில் 128க்கு மேலே. நோட்பேடில் "யூனிகோட்" என்று சேமித்ததும் தள்ளுபடி. அது யூடிஎஃப்-16, பெயர்களுக்கு நடுவில் வரும் ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் ஒரு சுழியம் ஒளிந்திருக்கும். யூடிஎஃப்-8இல் சேமித்தது மட்டும் தமிழாகவே உள்ளே போனது. அதில் அகரம் 224, 174, 133 என்று மூன்று பைட். காலியான கோப்போ எழுத்தா என்றாலும் ஆம், எழுத்தல்லாததா என்றாலும் ஆம் என்றது. அதனால் அளவைக் கேட்கும் வரியை அதற்கு முன்னே ஏற்றினார்.

யூடிஎஃப்-8இல் சேமித்தபிறகும் பட்டியலில் முதலாவதாக இருக்கும் ஆளுக்கு மட்டும் பொருத்தம் விழவில்லை. எந்தப் பிரிவாக இருந்தாலும் முதல் ஆள் மட்டும். அந்தக் காலத்து நோட்பேட், கோப்பின் தலைப்பில் 239, 187, 191 என்று கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டை அடையாளமாக ஒட்டிவிடும். அது முதல் வரியோடு சேர்ந்துகொண்டது. அந்த மூன்றையும் வெட்டும் ஒரு வரியை நிரலில் சேர்த்தார். பிறகு, சேவ் ஆஸ் போய் யூடிஎஃப்-8 தெரிவுசெய்யுமாறு சொல்லும் ஒரு அறிவித்தலைக் கிளாக்கர்களின் ஒவ்வொரு மொனிட்டருக்கும் கீழே ஒட்டினார். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவர் பெரிய கிளாக்கர், பாமினியில்.